கண் சொன்ன அளவு

ஜனவரி 5, திங்கள்

புது டைரி. மச்சினன் தன் எலக்ட்ரிக் கடையிலிருந்து கொடுத்தது. தேதிக்கு ஒரு முழுப் பக்கம், தாராளமாக எழுதலாம்.

இன்று வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்து நாலு வருஷம் கோடம்பாக்கத்தில் லைட்மேனாக இருந்த இன்னாசிமுத்து, தூத்துக்குடியில் மீன் தொட்டிக்கு விளக்குப் போடப் போகிறான் என்று என் வீட்டுக்காரி ரெஜினாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மீன் தொட்டி இல்லை, பவளத் தொட்டி என்று திருத்தினேன். அவளுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஆய்வு நிலையம் கடற்கரைச் சாலையின் கோடியில் இருக்கிறது. பொறுப்பில் இருப்பவர் டாக்டர் வடிவு. திருநெல்வேலிக்காரர், முப்பத்தைந்து வயசு இருக்கும். எனக்கு மேடம், நான் அவருக்கு அண்ணாச்சி. டிசம்பர் புயலில் தீவுப் பக்கத்துப் பவளப்பாறை நொறுங்கிப்போனதாம். மிச்சமிருந்த ஒரே ஒரு மான்கொம்புப் பவளத்தின் துண்டுகள் நாற்பதைப் பொறுக்கி வந்து, சிமென்ட் வில்லைகளில் ஒட்டித் தொட்டியில் வைத்திருக்கிறார். அந்தப் பாறையில் அந்த ஜாதி இனி வேறே கிடையாது. அடிபட்டு வந்ததால் இப்போது மங்கலான வெளிச்சம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கடல் வெயிலுக்குப் பழக்கி, மார்ச்சில் திரும்பக் கொண்டுபோய் நட வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டுவது என் வேலை.

தொட்டியை எட்டிப் பார்த்தேன். காய்ந்த குச்சிகள். இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன்.

ஜனவரி 7, புதன்

நேற்று முன்தினம் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மேடம் இன்று ஒரு பெரிய லென்ஸைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். குச்சி என்று நினைத்ததன் மேல் எல்லாம் ஊசிமுனைத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு பூ மாதிரி எட்டிப் பார்க்கிறது. பூ இல்லையாம், கை. விரல் நீளக் குச்சியில் நூற்றுக்கணக்கான உயிர்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாகக் குடியிருக்கின்றன. என் நிழல் பட்டதும் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டன. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வெளியே வர கால் மணி நேரம் ஆயிற்று.

அதைவிடப் பெரிய விஷயம் பிறகுதான் சொன்னார். அந்த உயிர்களின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. வெளிச்சம் பட்டால் பாசி சமைக்கும், பவளம் சாப்பிடும். வெளிச்சம் குறைந்தால் பட்டினி. கூடினால் பாசியே விஷமாகிவிடும், பவளம் அதைத் துரத்திவிட்டு வெளுத்துப்போய்ச் சாகக் கிடக்கும்.

எத்தனை நாயகிகளின் முகத்துக்கு வெளிச்சம் போட்டிருக்கிறேன். நான் போட்ட வெளிச்சத்தைச் சாப்பிட்டவர் இதுவரை யாரும் இல்லை. வீட்டுக்கு வந்தும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ரெஜினாள் முதலில் நீங்க சாப்பிடுங்க என்றாள்.

ஜனவரி 12, திங்கள்

தொட்டிக்கு மேலே எல்.இ.டி. விளக்குகள். இரண்டு திருகுகள்தான், ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. பூஜ்யத்திலிருந்து நூறு வரை. கடலுக்குள் இறங்க இறங்க நீலம்தான் மிஞ்சும், பாசி நீலத்தைத்தான் அதிகம் தின்னும், அதனால் நீலம் தூக்கலாக இருக்க வேண்டும் என்கிறார் மேடம். இப்போதைக்கு நீலம் நாற்பது, வெள்ளை பத்து. தண்ணீருக்குள் விட்டு அளக்கிற லைட் மீட்டர் பழுதாகி பெங்களூருக்குப் போயிருக்கிறது. அது வருகிறவரை திருகில் உள்ள எண்தான் கணக்கு.

மீட்டர் எதற்கு என்று கேட்டேன். ஸ்டுடியோவில் கேமராமேன்கள் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் நான் அளவைச் சொல்லிவிடுவேன், மீட்டர் வந்து அதையே சொல்லும். மேடம் சிரித்தார்.

எண்களை டைரியிலும் குறித்துவைக்கிறேன். எங்கள் தொழிலில் அது பழக்கம். ஒரு காட்சியைப் பாதியில் நிறுத்தி ஒரு மாதம் கழித்து எடுப்பார்கள். எந்த விளக்கு எங்கே, எவ்வளவு என்று எழுதிவைக்காதவன் அன்றைக்கு மாட்டிக்கொள்வான்.

ஜனவரி 13, செவ்வாய்

வெள்ளைச் சட்டைகள் எல்லாம் பழுப்பேறிவிட்டன. சோப்பை மாற்றச் சொன்னால் ரெஜினாள் முறைக்கிறாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் விடுமுறை. தெருக்கோடி மாதா கெபியில் சிலைக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மாதாவின் சால்வைக்கு யாராவது சாம்பல் நிறம் அடிப்பார்களா? பெயின்டரைப் பிடித்து நன்றாகக் கேட்டுவிட்டேன். அவன் என்னையும் சால்வையையும் மாறி மாறிப் பார்த்தான். ரெஜினாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மதியம் கோயில் மண்டபத்தில் கண் பரிசோதனை முகாம். எனக்கு வேலை இருந்தது, போகவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

மேடம் பத்து நாள் பயிற்சிக்குக் கொச்சி போகிறார். தொட்டி என் பொறுப்பு. உப்பு, சூடு, தண்ணீர் மட்டம் எல்லாம் காலை மாலை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கிளம்பும்போது, “அண்ணாச்சி, நான் வாற வரைக்கும் நீலம் நாப்பது, வெள்ளை பத்து. அதை மட்டும் அசைச்சிராதிய” என்றார். வெளிச்சத்தைப் பற்றி எனக்கே பாடமா. இருந்தாலும் தலையாட்டினேன்.

நீலம் 40.

ஜனவரி 17, சனி

தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மங்கல். கலங்கல் தண்ணீரில் வைத்தது போல இருக்கிறது. இதில் அந்தப் பாசி எதைச் சமைக்கும்? நாற்பது துண்டையும் பட்டினி போடுவதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஒன்பது வயசில் அப்பாவோடு வள்ளத்தில் தீவுப் பக்கம் போனபோது குனிந்து பார்த்த தண்ணீர் ஞாபகம் வந்தது. அடியில் பாறை. அப்படி ஒரு நீலத்தைப் பிற்பாடு எந்த செட்டிலும் என்னால் கொண்டுவர முடிந்ததில்லை. இந்தத் துண்டுகள் அங்கே பிறந்தவை. அவற்றுக்கு அந்த நீலம்தானே வேண்டும்.

நீலம் 50. பதிவேட்டில் 40 என்று எழுதினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து நேரே தொட்டிக்கு. இன்னும் போதாது. 60.

சினிமாவை ஏன் விட்டீர்கள் என்று காவலாளி கேட்டார். போதும் என்று தோன்றியது, விட்டேன் என்றேன். தனபாலன் என்கிற கேமராமேன் நூறு பேருக்கு முன்னால் என் லைட்டிங்கைக் குறை சொன்னதையெல்லாம் அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜனவரி 20, செவ்வாய்

70. பரவாயில்லை, கொஞ்சம் உயிர் வருகிறது.

ஜனவரி 22, வியாழன்

80. குச்சிகளின் பழுப்பு குறைந்து வெளிறி வருகிறது. அழுக்கு கழுவின மாதிரி. பட்டினி தீர்ந்தால் உடம்பு தெளியத்தானே செய்யும்.

தேநீரை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டேன். டம்ளர் சரியில்லை.

ஜனவரி 24, சனி

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. துண்டுகள் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. கண்ணாடியில் செய்தது போல, உள்ளே இருக்கிற எலும்பு வெளியே தெரிகிறது. மெழுகுதிரி ஏற்றின பீடம் மாதிரி தொட்டி முழுக்க வெண்மை. முப்பத்து நாலு வருஷத்தில் இப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. இது என் வெளிச்சம் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

ஜனவரி 25, ஞாயிறு

85. இதுதான் அப்பாவோடு பார்த்த நீலம். சரியாக இதேதான்.

ஓரத்தில் பம்புக் குழாயின் நிழலில் இருக்கிற ஏழு மட்டும் இன்னும் பழுப்பாகவே இருக்கின்றன. பாவம்.

நாளைக்கு மேடம் வருகிறார். எதற்கு வம்பு என்று சாயந்தரம் திருகை நாற்பதுக்கே கொண்டுவந்துவிட்டேன். விளைவைப் பார்த்ததும் அவரே கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம் முடிந்ததும் மேடம் தொட்டிக்கு வந்தார். பாராட்டை எதிர்பார்த்துப் பின்னால் நின்றேன். அவர் பையைக் கீழே வைக்கவில்லை. தோளில் தொங்கவிட்டபடியே நின்றார். முதுகு குலுங்கியது. அப்போதுதான் இது அழகு இல்லை என்று தெரிந்தது. வெளுத்துப்போய்ச் சாகக் கிடக்கும் என்று அவர் முதல் வாரமே சொன்னது இதைத்தான். நான்தான் அதைத் தொட்டியில் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, நாப்பதுலதான வச்சிருந்திய?” என்று கேட்டார்.

“ஆமா மேடம். நாப்பதுதான்.”

பதிவேட்டைப் புரட்டினார். அதிலும் நாற்பதுதான் இருந்தது. அப்படியே நம்பிவிட்டார். இவருக்கு வெளிச்சத்தைப் பற்றி என்ன தெரியும், புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர்தானே, பவளம் வேறு எதனாலோ வெளுத்திருக்கும், என் விளக்கால் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 28, புதன்

மேடம் உப்பை அளக்கிறார், சூட்டை அளக்கிறார், தண்ணீரைச் சோதனைக்கு வெளியூர் அனுப்புகிறார். விளக்கில்தான் கோளாறோ என்று கம்பெனிக்கும் எழுதியிருக்கிறார். நான் கண்ணாடியைத் துடைத்தேன். இரண்டு முறை துடைத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

மீட்டர் திரும்பி வந்தது. திருகை நாற்பதில் வைத்துத் தண்ணீருக்குள் விட்டார். மீட்டர் தன் கணக்கில் தொண்ணூறு காட்டியது. இருக்க வேண்டிய அளவு அதேதான். விளக்கில் கோளாறு இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

உப்பு சரி, சூடு சரி, வெளிச்சம் சரி. அப்படியென்றால் நோய் என்று முடிவுக்கு வந்துவிட்டார் மேடம். தொற்றுநோய் என்றால் அடுத்த தொட்டிக்குப் பரவும். விதிப்படி நாற்பது துண்டுகளையும் நாளைக் காலை பத்து மணிக்கு பிளீச்சிங் தண்ணீரில் போட்டு அழித்துவிட வேண்டும். குழாய் நிழலில் நன்றாக இருக்கிற ஏழையும் சேர்த்துத்தான். வாளியைக் கழுவி வைக்கச் சொன்னார். வைத்தேன்.



பிப்ரவரி 3, செவ்வாய்

எட்டரைக்கே போனேன். மேடம் கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். லென்ஸை எடுத்து ஒரு வெள்ளைத் துண்டைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியாது என்று நினைத்தேன். எலும்பின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி தோல் இருந்தது. துளைகளுக்குள் அந்தக் கைகள் இருந்தன, நிறமே இல்லாமல். என் நிழல் பட்டதும் மெதுவாக உள்ளே போயின. உள்ளே சமைக்க ஆள் இல்லை, பத்து நாளாகப் பட்டினி, இன்னும் சாகவில்லை.

“மேடம், நோய் இல்ல. எண்பத்தஞ்சு வரைக்கும் கூட்டினேன். பதிவேட்டுல பொய் எழுதினேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கையுறையைக் கழற்றினார். வாளியைக் காலால் தள்ளினார். நேரே போய் நீலத்தை இருபதுக்கு இறக்கினார், வெள்ளையை அணைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, எண்பத்தைந்து ஏன் என்று கேட்டார். அப்போதுதான் சரியான நீலமாகத் தெரிந்தது என்றேன்.

“எண்பத்தஞ்சுல என்னால கண்ணைத் திறந்து பாக்க முடியாது அண்ணாச்சி, கூசும். ஒங்களுக்கு நாப்பது எப்பிடித் தெரிஞ்சுது?”

மங்கலாக, கலங்கலாக என்றேன். மேஜையிலிருந்த இரண்டு கோப்புகளைக் காட்டி நிறம் கேட்டார். இரண்டும் சாம்பல் என்றேன். ஒன்று நல்ல நீலமாம்.

சாயந்தரம் வீட்டுக்கே வந்து ரெஜினாளிடம் சொன்னார். ரெஜினாள் ஆச்சரியப்படவில்லை. சட்டை, மாதா சால்வை, டம்ளர் என்று வரிசையாக எடுத்துவிட்டாள். சொன்னால் கத்துவாரு, அதான் சொல்லல என்றாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எனக்கே போன வருஷ முகாமில் சொல்லிவிட்டார்கள். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன். லைட்மேனுக்குக் கண் போய்விட்டது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன். இப்போது எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை, பழுத்துப் பழுப்பாகிவிட்டது. பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரிதான், நீலத்தைத்தான் முதலில் மறைக்கும் என்றார் டாக்டர். வந்து ஏழெட்டு வருஷம் இருக்குமாம். வியாழக்கிழமை வலது கண்.

பிப்ரவரி 12, வியாழன்

(ரெஜினாள் எழுதுவது) ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இன்னைக்கு எழுதக் கூடாதுன்னு சொல்லியும் டைரி கேட்டு அடம்பிடிக்காரு.

பிப்ரவரி 16, திங்கள்

தொட்டிக்குப் போனேன். மேடம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்.

இடது கண்ணால் பார்த்தேன். பழைய கலங்கல் தண்ணீர், ஏதோ வெள்ளைக் குச்சிகள். கையால் அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன்.

என்ன எழுத. நீலம் என்ற சொல் போதாது. இரண்டு எட்டு பின்னால் போய்விட்டேன். தண்ணீரே எரிகிற மாதிரி இருந்தது. குழாய் நிழலில் நான் பாவம் என்று எழுதிய ஏழும், பழுப்பு என்று நினைத்த அந்த ஏழும், பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. நுனிகளில் ஊதா. அவற்றின் மேல் விழுகிற வெளிச்சம் இல்லை, அவற்றுக்குள்ளிருந்தே வருகிறது. இத்தனை நாளும் இப்படித்தான் இருந்தனவா என்று கேட்டேன். ஆமா என்றார். இது எனக்கு முன்னால் இருந்திருக்கிறது, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

பிறகு திருகைப் பார்த்தேன். இருபது. வெறும் இருபது இப்படி என்றால் எண்பத்தைந்து எப்படி இருந்திருக்கும்? கண்ணை மூட முடியாத உயிர்களின் மேல் அதை ஊற்றியிருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மேடம் கண்ணுக்கு ஆகாது, அழாதிய என்றார்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

தனபாலன் சாருக்கு போன் போட்டேன். அன்றைக்கு அவர் சொன்ன மாதிரி கதாநாயகி முகம் நிஜமாகவே பிணம் மாதிரி நீலமாக இருந்ததா என்று கேட்டேன். இருந்தது இன்னாசி என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

மார்ச் 9, திங்கள்

மூன்றாவது வரிசையில் ஒரு துண்டின் அடியில் காப்பிக் கறை மாதிரி ஒரு புள்ளி. பாசி திரும்பி வந்திருக்கிறது. மேடமும் நானும் ஒரே லென்ஸுக்கு அடித்துக்கொண்டோம்.

நீலம் 22. மீட்டரில் 50. மீட்டரில்தான் பார்த்தேன்.

மார்ச் 23, திங்கள்

இடது கண்ணும் முடிந்து இன்று வேலைக்கு வந்தேன். வெளுத்தவற்றில் பதினெட்டுக்கு நிறம் திரும்பிவிட்டது. ஒன்பதை வெளியிலிருந்து படர்கிற வேறே பச்சைப் பாசி மூடிவிட்டது, அவை இனி இல்லை. எடுத்து வெளியே வைத்தது நான்தான்.

ஏப்ரல் 8, புதன்

இறுதிக் கணக்கு. நாற்பதில் பதினான்கு செத்துவிட்டன. பத்தொன்பது வெளுத்து மீண்டன. ஏழு வெளுக்கவே இல்லை. கடல் ஏற்கெனவே சுட ஆரம்பித்துவிட்டது, இந்த வெயில் போகிறவரை இருபத்தாறும் தொட்டியில்தான்.

மேடம் அறிக்கை எழுதுகிறார். ஜனவரியின் அந்தப் பத்து நாளுக்கு ‘வெளிச்சம் அளக்கப்படவில்லை’ என்று போட்டுவிடப் போவதாகச் சொன்னார். என் பெயர் வராதாம். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிற மாதிரி மேலும் சொன்னார். “எந்த நாள் எவ்வளவு இருந்துச்சு, எத்தனாவது நாள் வெளுக்க ஆரம்பிச்சுதுன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் அண்ணாச்சி. இந்த ஜாதி எவ்வளவு தாங்கும்னு யாருமே அளந்தது இல்ல. அடுத்து வாறதையாவது காப்பாத்தலாம்.”

கடைசி நாள் எண்பத்தைந்து என்று மட்டும்தான் நான் சொல்லியிருக்கிறேன். ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது, அழுக்கு கழுவின மாதிரி வெளிறியது என்றைக்கு, எலும்பு தெரிந்தது என்றைக்கு, எல்லாம் இங்கே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஜனவரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எண்களை மட்டும் தனித் தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன என்று பார்த்தேன். பதிவேட்டில் பொய் எழுதியவன் மூன்று மாதம் கழித்துக் கொண்டுவருகிற தாளை அறிக்கையில் யார் ஏற்றுக்கொள்வார்கள்? அன்றன்றைக்கு எழுதிய இந்த மைதான் சாட்சி. டைரியாகவே கொடுக்க வேண்டும். மேடம் எல்லாவற்றையும் படிப்பார். வேறு எதைப் படித்தாலும் பரவாயில்லை. இருபத்தாறாம் தேதியை மட்டும் அவர் படிக்கக் கூடாது. அவர் அழுதுகொண்டு நின்றதும், நான் அவர் முகத்தைப் பார்த்து நாற்பது என்றதும், அதன் பிறகு அவரைப் பற்றி நான் எழுதியதும் அதில் இருக்கின்றன.

ரெஜினாளிடம் பிளேடு வாங்கினேன். இருபத்தாறாம் தேதித் தாளைத் தூக்கிப் பிடித்தேன். விளக்கு வெளிச்சத்தில் பின்பக்க எழுத்து தெரிந்தது. இருபத்தைந்தாம் தேதி. நீலம் 85, குழாய் நிழலில் ஏழு பழுப்பாகவே இருக்கின்றன. மேடத்துக்கு வேண்டியது அந்த வரிதான், அது இந்தத் தாளில்தான் இருக்கிறது.

பிளேடைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காலையில் அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.